வவுனியா ஸ்டேஷன் பேக்கரிக்காரர்

வவுனியா ஸ்டேஷனுக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். புருவத்தில் எப்போதும் கோதுமை மா படிந்திருக்கும். எங்களோடு தமிழில் பேசுவார். பாண் சுடும் போறணை அடுப்புக்கு முன்னால் தனியே நிற்கையில் சிங்களத்தில் முணுமுணுப்பார். அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை.

கலவரம் வந்தது. தெற்கிலே அடிபட்ட தமிழ்ச் சனம் ரயிலில் வந்து இறங்கியது. பள்ளிக்கூட வாத்தியாரான நானும் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தேன். பாஸ் சுடச்சுடப் பாண் கொண்டுவந்து பங்கிட்டார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவருடைய பேச்சில் எதையோ கவனித்துவிட்டாள்.

"நீங்கள் ஆர் ஆக்கள்?"

"அம்மா இஞ்சத்தை ஆள், தங்கச்சி. அப்பா தெற்கிலை காலிப் பக்கம், சிங்களவர்."

அவள் பாணை அப்படியே ஸ்டேஷன் வாங்குப் பலகையின்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். கணவனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். அவளை எப்படிக் குறை சொல்வது?

"தமிழ் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே, பாஸ்?" என்று பிறகு கேட்டேன்.

"அங்கை காலியிலை என்ர தம்பியைத் தமிழன் எண்டுதான் வெட்டினவங்கள், மாஸ்டர். அம்மா தமிழ் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம். அவன் தானும் சிங்களவன்தான் எண்டு சிங்களத்திலை கத்திக் கத்திச் சொன்னவனாம். ஒருத்தரும் நம்பேல்லை."

அவருடைய அப்பா சிங்களவர் என்ற கதை ஊரெல்லாம் பரவியது; அதன் பிறகு அவரிடம் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. நான் வாங்கும் ஒரு றாத்தல் பாணுக்காக அவர் எத்தனை நாள் போறணை மூட்டுவார்? ஒரு காலை கடை பூட்டிக் கிடந்தது. யாழ்ப்பாண ரயிலில் ஏறினார் என்றார்கள் சிலர், கொழும்பு ரயிலில் என்றார்கள் சிலர். எந்த ஊர் அவரைத் தன் ஆளென்று ஏற்றிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.