டவாலி கூப்பிட்டால் வேப்பமரத்தடி வரை கேட்குமா?

போன சனிக்கிழமை திண்டுக்கல் போனதற்கு உண்மையான காரணம் வயிற்றெரிச்சல். என்னோடு கல்லூரியில் படித்த குமரேசன் அந்தப் பக்கம் இருக்கும் பழைய முன்சீப் கோர்ட்டைப் பற்றித் தன் பிளாகில் எழுதினான். எட்டு வருஷமாக நானும்தான் எழுதுகிறேன். ஆனால் என் வீட்டுக்காரரே அவன் கட்டுரையைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார். அதில் ஒரு வரி: வராந்தாவில் நின்று கோர்ட் டவாலி வழக்குக்காரர் பேரைக் கூப்பிட்டால் வேப்பமரத்தடி வரை கணீரென்று கேட்குமாம். நன்றாக அளந்துவிட்டிருக்கிறான், நேரில் போய் உடைத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மதுரையில் 7.10 பஸ், ஒன்றரை மணி நேரம். நாகல் நகரில் இட்லி. அங்கிருந்து அகரம் பக்கம் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 220 ரூபாய். இப்போதெல்லாம் கோர்ட்டைப் பார்க்க நிறையப் பேர் வருவதாக ஆட்டோக்காரர் சொன்னார். யாரால் என்று நான் கேட்கவில்லை.

கட்டடம் அழகுதான், அதுவும் எரிச்சல். வெள்ளைக்காரன் காலத்தது. கருங்கல் அடித்தளம், செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்னால் ஐந்து வளைவு வைத்த வராந்தா. உள்ளே உத்தரத்தில், கயிறு கட்டி இழுக்கும் பங்கா விசிறி தொங்கிய கொக்கிகள் அப்படியே இருக்கின்றன. கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போனபிறகு சாவி சவரிமுத்து அண்ணனிடம். இங்கேயே டவாலியாக இருந்து, வழக்குக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரிட்டயரானவர். மூன்று தடவை கூப்பிடுவாராம். மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் கேஸ் தள்ளுபடி. நடு வளைவுக்குப் பின்னால் கூரை கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் குழிந்திருக்கிறது. அதன் அடியில் நின்றால் குரல் வெளியே போகும் என்றார். இதையும் அவன் எழுதியிருந்தான், பாவி.

மரம் அங்கிருந்து எண்பத்து நான்கு தப்படி தள்ளி. தெரிந்த பேரென்றால் காது தானாக இட்டுக்கட்டிக்கொள்ளும். அதனால் எனக்குச் சொல்லாமல் ஏதாவது ஒரு பேரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனேன். ரோட்டில் டிராக்டர் வேறு போனது. இந்தச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது என்று சந்தோஷமாக என் கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

"குமரேசன்... குமரேசன்... குமரேசன்..."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. திரும்பி வந்து, ஏன் அந்தப் பேர் என்றேன்.

"அந்தத் தம்பி எழுதுனதுலதான தாயி இம்புட்டுச் சனம் வருது. வேற பேரு வாயில வரல."

மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, என் கேஸ் தள்ளுபடி.

போகிறவர்கள் பதினோரு மணிக்குள் போங்கள், அப்புறம் வெயில் தாங்காது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. கட்டணம் கிடையாது. அண்ணனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மரத்தடியில் நின்று கேளுங்கள், கேட்கத்தான் செய்கிறது. என்ன பேர் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் முன்னாடியே நீங்களே சொல்லிவிடுங்கள்.