தொகுதி போனது, கடிதம் மிச்சம்

எங்கள் மாகாணத் தொகுதி இப்போது இல்லை. ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட்டுக்குக் கிழக்கே இருந்தது என்று சொன்னால் போதும். மாகாண சபையில் கதிரைகளைக் குறைத்த காலத்தில் இரண்டு தொகுதிகளை ஒட்டி அதை உண்டாக்கினார்கள். சனம் பெருகியதும் நடுவில் கோடு போட்டு வெட்டிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் யார் வென்றார், யார் தோற்றார் என்று ஒரு பட்டியல் வரும். தேர்தலுக்கு வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்டவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நான் அந்தத் தொகுதிக்காக மூன்று தேர்தல்களில் நடந்தவன். எந்த மாடிக் கட்டடத்தில் உள்ளே விடமாட்டார்கள், எந்த வீட்டில் அண்ணன் ஒரு கட்சி தம்பி ஒரு கட்சி, எந்த வீட்டில் தேத்தண்ணி தந்துவிட்டு மற்றவனுக்கு வாக்களிப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். வாக்களிப்பு நாளில் ஆட்களைக் காரில் ஏற்றி இறக்குவேன். மனைவி வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் ஒவ்வொருவராக எழுப்பிவிடுவாள்.

கொள்கைக்காக நடந்தேன் என்று பொய் சொல்லப்போவதில்லை. ஊரில் எம்.பி.யின் கடிதம் இருந்தால் ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைக்கும், பெடியனுக்கு வேலை கிடைக்கும். தேர்தலுக்கு உழைத்துவிட்டுக் கடிதம் கேட்காதவனைத்தான் எங்கள் ஆட்கள் பேயன் என்பார்கள். அந்த எண்ணத்தை விமானத்தில் என்னோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். முப்பது வருடமாக அதற்குத் தேவை வரவில்லை.

பிறகு மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இருபது வருடம் தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் அதட்டி வேலை வாங்கியவளுக்கு, ஒரே காலையில் ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது, அதுவும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான். அவளைத் தூக்கிப் பராமரிக்க என் முதுகில் பலமில்லை. பராமரிப்பு இல்லம்தான் வழி. ஸ்காபரோவில் ஓர் இல்லத்தில் தமிழருக்கென்று ஒரு தளம் இருந்தது. அங்கே அவள் தமிழில் கேட்டால் விளங்கும், மத்தியானம் சோறு கிடைக்கும். ஆனால் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீண்டது. அவள் இன்னும் மருத்துவமனையில்தான் கிடந்தாள்.

நேரே எங்கள் மாகாண சபை உறுப்பினரான எம்.பி.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்த பிள்ளை இங்கே பிறந்தவள். நான் சொன்னதையெல்லாம் கவனமாக எழுதிக்கொண்டாள்.

"லெட்டர் ஒண்டு தாறம் அங்கிள். ஆனா லிஸ்ட்டை நாங்கள் மாத்தேலாது. ஆருக்கு முதல் எண்டு இடம் ஒழுங்கு செய்யிற ஆக்கள்தான் டிசைட் பண்ணுவினம்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் சிரித்துத் தலையாட்டினேன். ஊரிலும் முதலில் 'ஏலாது' என்றுதான் சொல்வார்கள், பிறகு செய்து தருவார்கள். இவளும் அந்த வித்தையை நன்றாகப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில், இடம் ஒழுங்கு செய்யும் பெண்மணி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய வேறோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலி. தமிழ்த் தளம் இல்லை, ஆனால் பின்னேரத்தில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஒரு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். எங்கள் எம்.பி.பி. கடிதம் தந்திருக்கிறார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர், கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் என்றேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மருத்துவமனை அதற்குமேல் வைத்திருக்கவில்லை. தூரத்து நகரமான ஒஷாவாவில் இடம் கிடைத்ததும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த தேர்தலோடு தொகுதியும் போனது. கோடு எங்கள் தெருவின் நடுவால் ஓடியது. எங்கள் எம்.பி.பி. திரும்ப நிற்கவில்லை. அலுவலகத்துக்கு ஓடினேன், பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன.

"உங்கட ஃபைல் புது ஒஃபிசுக்குப் போகாது அங்கிள், பிரைவசி. நீங்கள் அங்கை போய் முதல்ல இருந்து சொல்லோணும்," என்றாள் அந்தப் பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. புதிய அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை நீட்டினேன். இப்போது இல்லாத ஒரு தொகுதியின் பெயர் மேலே, இப்போது உறுப்பினரல்லாத ஒருவரின் கையெழுத்து கீழே. மரியாதையாக வாசித்துவிட்டு, ஒரு புதுப் படிவத்தோடு சேர்த்துத் திருப்பித் தந்தார்கள்.

கிழமைக்கு மூன்று நாள் ஒஷாவாவுக்குப் போய் வருகிறேன். பஸ், ரயில், திரும்ப பஸ். அங்கே வேலை செய்பவர்கள் நல்ல மனிதர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் தண்ணி கேட்டால் சிரித்த முகத்தோடு போர்வையைக் கொண்டுவந்து போர்த்துவார்கள். நான் இல்லாத நாட்களில் என்ன கேட்டாள், என்ன கிடைத்தது என்று நினைக்காமல் எனக்கு நித்திரை வருவதில்லை.

போகும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "எம்.பி... என்னவாம்?"

"பாக்கினமாம்," என்பேன். இத்தனை காலமும் அதே பொய்.

போன மாசம் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "தொகுதியே இல்லையப்பா. அந்தக் கடிதத்தாலை ஒண்டும் நடவாது. வீட்டுக்குக் கிட்ட கட்டில் ஒண்டு கிடைச்சது, நான்தான் உம்மட்டைக் கேளாமல் வேண்டாம் எண்டனான்." ஏசுவாள் என்று பார்த்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

அவள் இடது கையால் என் சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ... எலெக்சன் வருதாம்... ரீவீல போகுது." சொல் வரும்வரை மூச்சு வாங்கினாள். "புது ஆளுக்கு... வேலை செய்யுங்கோ. நல்லா... வேலை செய்தா... கடிதம் தருவார்."

அவளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்ததே நான். "ஓம்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவுக்குப் போகும் நாள். நான் போகவில்லை. பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, புதிய வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போய், துண்டுப்பிரசுரம் ஒரு கட்டு வாங்கினேன்.