புஸ்பம் தைத்த சிவப்பு விரிப்பு

புஸ்பம் போய்விட்டாளாம். இன்று விடியவே என் மூத்த மகன் போன் எடுத்துச் சொன்னான்...

என்னால் நம்ப முடியவில்லை. முந்தநாள்தான் வாட்ஸ்அப்பில் அரைமணித்தியாலம் கதைத்தோம். கனடாக் குளிரைப் பற்றி நான் புலம்ப, "அப்ப ஏனடி அங்கை கிடக்கிறாய், வாவன் இஞ்சை" என்று ஏசினாள். ஒரு இருமல்கூட இல்லை.

காலைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவளாம். அப்படியே... ஹார்ட் அட்டாக். என்ன இது? ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியா போவது?

உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. எழுபதுகளில் வல்வெட்டித்துறையில் ஒரு சின்னத் தையல் கடை. அங்கே அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

துணிக்குத் தட்டுப்பாடான காலம். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றையும் எறிய மாட்டோம். கலர் கலராகப் பொருத்தி, உள்ளே பழஞ்சீலை வைத்து, கட்டில் விரிப்புத் தைப்போம். அவள் தைத்தால் மூலைக்கு மூலை பொருந்தும். என்னுடையது எப்போதும் கோணல்தான்.

கலியாணமாகிக் கன வருசம், அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு மூத்தவன் பிறந்தபோது என்னைவிட அவளுக்குத்தான் சந்தோசம். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த அன்றைக்கே அவனுக்கென்று ஒரு குட்டி விரிப்புத் தைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் பளீரென்று கைத்தறிச் சிவப்பு. அதை ஒருமுறை நனைத்துப் பார்ப்போம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஒரு வெக்கையான மத்தியானம். அந்த விரிப்பில் கிடந்த பிள்ளை வியர்த்து, சலமும் பெய்து, வீரிட்டுக் கத்தினான். தூக்கினால்... ஐயோ. முதுகு, தொடை எல்லாம் ஒரே சிவப்பு.

"இரத்தமடி! பிள்ளைக்கு இரத்தம்!" என்று என் மாமி குழறிய குழறலில் அயல் முழுதும் கூடிவிட்டது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நேர்ஸ் ஈரப் பஞ்சால் ஒரு துடை துடைத்தார். பஞ்சு சிவப்பு, பிள்ளை வெள்ளை.

"என்னம்மா, பிள்ளைக்குச் சாயம் அடிச்சனீங்களோ?"

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். மாமி சிரிக்கவில்லை.

"பிள்ளை பெறாதவளின்ரை கை. இனி அவள் என்ரை பேரனைத் தொடப்படாது."

எங்கள் ஊரில் இப்படியான கதை நடந்து போகாது, ஓடித்தான் போகும். புஸ்பத்தின் காதுக்கும் போய்விட்டது. அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடையில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் கடையின் கொல்லையில் வாளிகள் வந்தன. ஒவ்வொரு நிறத் துணியையும் ஊறவைக்கத் தனி வாளி.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "எங்கடை கிணத்துத் தண்ணியிலை இல்லாத உப்பே?" என்றாள். வினாகிரியும் விட்டுப் பார்த்தாள். சிவப்பு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு சுடுதண்ணீர். அலசி ஊற்றுவாள், திரும்ப அலசி ஊற்றுவாள், தண்ணீர் தெளியும் மட்டும். நிழலில் காயவிட்டு, மேலே ஈரமான வெள்ளைத் துணியை வைத்து, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவாள். வெள்ளையில் ஒரு பொட்டு நிறம் ஏறினாலும் மறுபடி வாளிக்குள்தான்.

"சிவப்பை விட்டிட்டு நீலத்தைப் போடன்" என்றேன்.

"சிவப்பாலைதான் பேர் கெட்டது. சிவப்போடைதான் வருவன்" என்றாள், அப்போதும் என் முகத்தைப் பார்க்காமல்.

வந்தாள். புது விரிப்பும், ஒரு செம்பு தண்ணீரும், வெள்ளைக் கைலேஞ்சியுமாக வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமி, நனைச்சுத் தேய்ச்சுக் காட்டுறன். பாருங்கோ."

"உன்ரை லேஞ்சி ஆருக்கு வேணும்? இதிலை தேய்" என்று மாமி தன் வெள்ளைச் சீலையின் முந்தானையை நீட்டினார். மாமா இறந்த நாளிலிருந்து வெள்ளைதான் உடுத்துகிறவர். அதில் ஒரு பொட்டுச் சிவப்பு ஏறினாலும் எல்லாம் முடிந்தது.

மஞ்சள். பச்சை. ஊதா. ஒவ்வொரு துண்டாக நனைத்துத் தேய்த்தாள். கடைசியாகச் சிவப்பு. அதை மட்டும் இரண்டுமுறை நனைத்துத் தேய்த்தாள்.

மாமி முந்தானையை வெயிலில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒன்றுமில்லை. எழும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளையைத் தூக்கி வந்து புஸ்பத்தின் கையில் வைத்தார்.

"தலையைப் பாத்துப் பிடி."

அன்றிலிருந்து அவனுக்கு நான் அம்மா, அவள் புஸ்பம்மா. பள்ளிக்கூடம் விட்டால் முதலில் அவள் வீடு, பிறகுதான் எங்கள் வீடு. எனக்கு எத்தனையோ நாள் எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

இதை எழுதினால் நிசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது...

அவளுடைய புருசன் முன்னமே போய்விட்டார். தமையனின் பிள்ளைகள் லண்டனில், உடனே வரமுடியாதாம். மகன் கொழும்பில் இருந்து திரும்பவும் போன் எடுத்தான்.

"அம்மா... கொள்ளி நான் வைக்கட்டோ? பெத்த தாய் இருக்கேக்கை இன்னொராளுக்கு வைக்கப்படாதெண்டு ஊரிலை சிலபேர் சொல்லினமாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எனக்கு வந்த கோபத்தில் போனிலேயே கத்திவிட்டேன்.

"ஆரடா அது சொன்னது? நான் சொல்லுறன், நீ வை மோனை. நீதான் வைக்கவேணும்."

அவன் வல்வெட்டித்துறைக்கு வெளிக்கிட்டுவிட்டான். வவுனியா தாண்டிவிட்டதாக இப்போதுதான் மெசேஜ் வந்தது.

புஸ்பம்... கொஞ்சம் பொறடி. உன்ரை பிள்ளை வந்துகொண்டிருக்கிறான்.