தாழ்ந்து ஓடும் கார்

எனக்கு ஒரு கார் வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஜீப் என்றுதான் விளங்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் வசதி உள்ளவர்கள் வாங்குவது அதைத்தான். உள்வீதிகள் குண்டும் கிடங்கும் கல்லுமாய்க் கிடக்கும். மாரியில் வெள்ளம் நிற்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் ஆளும் பெட்டியுமாய் ஏற்ற வேண்டும். அதற்கெல்லாம் உயரமான வாகனம்தான் தோது. நான் ஆசைப்பட்டதோ நிலத்தோடு பதிந்து ஓடுகிற, கால் வைத்ததும் பாய்கிற நாலு கதவுக் கார். அதை முதலில் என் கணவரிடம்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எந்தக் கார் என்று மட்டும் கேட்டார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நாங்கள் தெற்கே மாத்தறையை விட்டு வந்திருந்தோம். என் மாமனார் காலத்திலிருந்து அங்கே எங்களுக்கு மொத்த வியாபாரக் கடை. வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, கருவாடு. கடை ஒருமுறை எரிந்ததும், அதே இடத்தில் அதைத் திரும்பக் கட்டியதும் நான் கலியாணம் முடித்துப் போவதற்கு முந்திய கதை. என் காலத்தில் நடந்தது வேறு. ஒரு காலை, கடைக்குள் நின்றபடியே இவருக்கு, என் கணவருக்கு, பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சும் திரும்பியது. இடது கால் மட்டும் மரம்போல் விறைத்து நின்றுவிட்டது.

அன்றிலிருந்து கடை வானை நான் ஓட்டினேன். கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு, கருவாட்டு மணத்தோடு, கியர் மாற்றும்போதெல்லாம் முனகுகிற அந்த வானில் எத்தனையோ வருடம் போய் வந்தேன். அதிவேகப் பாதையில் தாழ்ந்த கார்கள் என்னைக் கடந்து போகும். சத்தமே இல்லாமல் பக்கத்தில் வரும், அடுத்த கணம் முன்னால் ஒரு புள்ளியாகிவிடும். அதைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் எனக்கு வாய்த்தது இந்த வான் என்ற ஒரு அரிப்பு.

மகன் கடையைப் பொறுப்பெடுத்ததும் தீவில், சரவணை என்ற ஊரில் இவருடைய காணியில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இனி ஆறுதலாய் இருக்கலாம் என்றார்கள். ஆறுதலாய் இருக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. இவர் கடை திறக்கிற நேரத்துக்கே எழும்பிவிடுவார். கேற்றைத் திறந்து வைத்து, யாரோ சாமான் வாங்க வரப்போவதுபோல் ஊன்றுகோலோடு அங்கே நிற்பார். பிறகு மகனுக்கு ஃபோன் எடுத்து வெங்காய விலை கேட்பார். கொஞ்ச நாளில் மகன் உடனே எடுப்பதை நிறுத்திவிட்டான். நான் குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருப்பேன். வீட்டில் உப்பு இருக்கும்போதே உப்பு வாங்கவென்று ஸ்கூட்டியில் ஊர்காவற்றுறைக்குப் போவேன். இறங்குதுறையில் நின்று, காரைநகருக்குப் போகும் படகில் சனம் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இவரை ஸ்கூட்டியில் ஏற்ற வழியில்லை. அதனால் நான் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இவருடைய வேலையாகிவிட்டது.

பல வருடத் தடைக்குப் பிறகு வாகன இறக்குமதி திரும்பத் திறந்த நேரம், மாத்தறையில் எங்களுக்கு இருந்த ஒரு வளவுக் காணியும் விலைப்பட்டது. மகன் தனக்குப் பங்கு வேண்டாம் என்றான். நீங்கள் நல்ல வாகனமாய் ஒன்று எடுங்கள் என்றான். அவன் மனதில் இருந்ததும் ஜீப்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு விற்பனை நிலையம் நான் கேட்ட வகையில் மூன்று கார்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தது. நான், இவர், பக்கத்து வளவில் இருக்கும் இவருடைய தங்கச்சி, அதாவது என் மச்சாள், மூன்று பேரும் ஓட்டோ பிடித்துப் போனோம். அங்கிருந்த பெண்பிள்ளை, அன்ரி விரும்பினால் தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் ஓடிப் பார்க்கலாம் என்றாள்.

முதலாவது ஒரு ஜேர்மன் கார். உள்ளே போனால் பெரிய ஹோட்டலில் அறை எடுத்ததுபோல் இருந்தது. விளக்கு, வாசனை, ஓரத்திலிருந்து ஓரம்வரை திரை. ஓட்டுகிறவருக்கு ஒரு வேலையும் வைக்காத கார். பாலத்தில் போகும்போது கடல் பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது ஜப்பான் கார். கதவைத் திறந்ததும் சீற் தானாகப் பின்னுக்குப் போய், இருக்கச் சொல்லி இடம் விட்டது. சத்தமில்லாத, குறை சொல்ல ஏதுமில்லாத கார். மச்சாள் பின்னால் ஏறி இருந்துவிட்டு, இது போதும், வேறு என்ன வேண்டும் என்றாள்.

மூன்றாவதும் ஜேர்மன் கார், வேறு கம்பனி. கடும் நீலம், மூன்றிலும் தாழ்ந்தது. பண்ணையில் காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிக் காற்றில் எங்கள் வானாக இருந்தால் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்தக் கார் அசையவில்லை. ஆனால் காற்று அடிப்பதை விரலுக்குச் சொன்னது. தார் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே மணல் பரவியிருக்கிறது என்பதையும் சொன்னது. அல்லைப்பிட்டிப் பக்கம் மாடுகள் குறுக்கே வந்தபோது பிறேக்கை மிதித்தேன். என் கால் நினைத்த இடத்தில் நின்றது. இரண்டு பக்கமும் கடல், கடலுக்குள் வலைக்கம்புகள். மாதக்கணக்காய் எனக்குள் நடந்து திரிந்த ஏதோ ஒன்று அந்தப் பாலத்தில்தான் முதல்தடவை ஓய்ந்து இருந்தது.

திரும்பி வந்ததும் இவரையும் ஏறிப் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது. சீற் அவ்வளவு தாழ்வு. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தவர், கடைசியில் பொத்தென்று உள்ளே விழுந்தார். தலை கதவின் மேல்விளிம்பில் இடித்தது. இடது கால் வெளியே நீட்டியபடி நின்றது. இறங்குவது அதைவிடப் பாடு. நானும் மச்சாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். சேர்ட் மேலே ஏறி முதுகு தெரிந்தது. முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்குள்ள அண்ணைக்கு ஏறேலாது. இனி இதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை," என்றாள் மச்சாள்.

நானும் ஓம் என்றேன்.

அதன் பிறகு வந்த வாரங்கள் எனக்குச் சரியில்லை. ஜப்பான் கார் என்று காலையில் முடிவெடுப்பேன். மத்தியானம் ஃபோனில் மூன்று காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி, உப்புக் காற்றில் எல்லாக் காரும் ஒரேமாதிரித்தான் துருப்பிடிக்கும், பிடித்ததை எடு அக்கா என்றான். மகன், அம்மா இன்னும் ஜீப்பை யோசித்துப் பார்க்கவில்லையே என்றான். சோறு வடிக்க மறந்து குழைய விட்டேன். கடைசியில் ஒரு பின்னேரம் இவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஜப்பான் காரை எடுப்போம் என்றேன். உதிரிச் சாமான் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும், பெற்றோல் குறையக் குடிக்கும், உங்களுக்கு ஏறி இறங்கச் சுகம் என்று காரணங்களை அடுக்கினேன். இவர் முழுவதையும் கேட்டார்.

"அண்டைக்கு நான் வாசல்ல நிண்டு பாத்தனான்," என்றார். "மற்ற ரண்டையும் ஒருக்கா ஓடிப்போட்டு நேர கொண்டந்து விட்டனீர். நீலக்காரை மட்டும் நிப்பாட்டாமல், எங்களைத் தாண்டித் திரும்பவும் பாலத்துக்குக் கொண்டு போனனீர்."

நான் அப்படிச் செய்ததே அவர் சொன்னபோதுதான் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு அதுக்குள்ள ஏறேலாதே."

"நீர் ஓட்டப்போற காரை என்ர கால் தெரிவு செய்யக் கூடாது. வானை ஓட்டச் சொல்லேக்க உமக்கு விருப்பமோ எண்டு ஆரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. இதை நீர் விரும்பி எடும்."

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழும்பிக் குசினிக்குப் போய், கழுவி வைத்த சட்டிகளைத் திரும்பக் கழுவினேன்.

நீலக்காரைத்தான் எடுத்தோம். கொண்டுவந்த அன்றே வாசலில் அடிப்பக்கம் உரசியது. மேசனைக் கூப்பிட்டு, கேற்றடிச் சீமெந்தைக் கொத்திச் சரிவாக்கினோம். மச்சாள் சில நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவரோ ஏறிப் பழகத் தொடங்கினார். குசினியில் நான் தேங்காய் துருவ இருக்கும் பலகையை விறாந்தையில் போட்டு, சுவரைப் பிடித்தபடி அதில் இருந்தும் எழும்பியும் பார்ப்பார். வியர்வை ஓடும். உதவி செய்யப் போனால் கையால் விலக்குவார். பிறகு காருக்கு ஒரு முறை கண்டுபிடித்தார். முதுகைக் காருக்குக் காட்டி நின்று, ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடித்து, இறங்கி இருந்துவிடுவார். பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். மூட்டை ஏற்றுகிற மாதிரித்தான் என்பார்.

பின்னேரங்களில் புறப்பட்டோம். வேலணை, புங்குடுதீவுப் பாலம், குறிகட்டுவான். அங்கே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் படகுக்கு நிற்பார்கள். எங்களுக்கு றோட்டு முடிந்துவிடும். காரைத் திருப்ப வேண்டியதுதான். மறுநாள் மற்றப் பக்கம் போவோம், அங்கேயும் கடல். எஞ்சின் அப்போதுதான் சூடேறியிருக்கும். கார் வந்தால் என் பரபரப்பு அடங்கும் என்று நினைத்திருந்தேன். அது அடங்கவில்லை, இன்னும் தூரம் கேட்டது. இவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் குறிகட்டுவானில் திருப்பிக்கொண்டிருந்தபோது, மாத்தறைக்குப் போவம் என்றார்.

அடுத்த கிழமையே போனோம். வவுனியா தாண்டும்வரை இவர் கதைத்துக்கொண்டே வந்தார். தெற்கு அதிவேகப் பாதையில் ஏறியதும் வெளியே பார்க்கத் தொடங்கினார். நான் வருடக்கணக்காய் வானில் ஊர்ந்த பாதை அது. அதே பாதையில் இப்போது மற்றவர்கள் எனக்கு ஒதுங்கினார்கள். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

கடைக்கு எதிரில் காரை நிறுத்தினேன். மகன் கடையை மாற்றியிருந்தான். முன்னால் கண்ணாடி, உள்ளே வெள்ளை விளக்கு. வெங்காய மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் பொதி செய்த சாமான் தட்டுகள். நான் சுற்றி வந்து இவருடைய பக்கத்துக் கதவைத் திறந்தேன். இவர் சீற் பெல்ற்றைக் கழற்றவில்லை.

"வேண்டாம், சாத்தும்," என்றார்.

தெருவில் பாதிப்பேர் இவரைத் தெரிந்தவர்கள். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து கையை உயர்த்தினார். இவர் உள்ளிருந்தபடியே கையை உயர்த்தினார். மகன் வீதியைக் கடந்து வந்து, கார்க் கண்ணாடியளவுக்குக் குந்தியிருந்து கதைத்தான். வெங்காய விலை சொன்னான். இவர் தலையாட்டினார். அவன் எழும்பும்போது காரின் கூரைக்கு மேலால் என்னைப் பார்த்து, "அப்பவே சொன்னனான் அம்மா, ஜீப் எடுங்கோ எண்டு," என்றான்.

இத்தனை தூரம் கொண்டுவந்து, தன் கடை வாசலிலேயே இறங்க முடியாதபடி இந்த மனிதரை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று பட்டது. மகன் வீட்டு முற்றத்தில், கேற்றைச் சாத்திய பிறகுதான் இவர் இறங்கினார். நாளைக்குக் கடைக்குள் போய்ப் பாருங்கள் அப்பா என்று மகன் கேட்டான். இவர் பார்த்தாயிற்று என்றார். அடுத்த நாள் காலையிலேயே திரும்பப் புறப்பட்டோம்.

வழியெல்லாம் அதே யோசனை எனக்கு. மதவாச்சி தாண்டியதும் சொல்லிவிட்டேன், இதைக் கொடுத்துவிட்டு ஜப்பான் காரை எடுப்போம் என்று. இவர் ஓமந்தைக்கு அங்கால் ஒரு தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். அங்கே ஒரு பஸ் நின்றது. ஆட்கள் இறங்கிக் கடையைச் சுற்றி நின்றார்கள். நீங்கள் இருங்கள், நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். இவர் அதற்குள் கதவைத் திறந்திருந்தார்.

ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். காலைத் தூக்கி வெளியே வைத்தார். எழும்பினார், முடியாமல் பின்னுக்கு விழுந்தார். பஸ்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டக்டர் உதவிக்கு வந்தார். இவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். திரும்ப ஒருமுறை உன்னி எழும்பி நின்றார். சேர்ட்டை இழுத்துவிட்டு, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு நடந்துபோய் இரண்டு பிளேன்ரீ சொன்னார்.

காரில் சாய்ந்து நின்று குடித்தோம்.

"இங்க இறங்கினீங்கள். அங்க ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

"அங்க இறங்கியிருந்தா, திரும்ப ஏற எனக்கு மனம் வந்திராது," என்றார். "அவன் நல்லாத்தான் நடத்திறான். நான் போய் நிண்டா அவனுக்கு நடத்தேலாது," என்றார்.

அங்கே இறங்காததற்குக் கால் காரணமில்லை, அது மனம் எடுத்த முடிவு. அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாய் இருந்தது. காரை மாற்றும் கதையை இனி எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

காலைத் தூக்கி வைத்து ஏறினார். நான் றோட்டுக்கு எடுத்தேன். முன்னால் செங்கல் ஏற்றிய லொறி ஒன்று புகை கக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? முந்தும்," என்றார்.

முந்தினேன். கொஞ்சத் தூரத்தில் இன்னொரு லொறி போய்க்கொண்டிருந்தது.