மாறன் அண்ணன் திரும்பி வந்தபோது

மலேசியாவில், கூலாயில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரமும் அந்தக் கணினி விளையாட்டின் மூலையில் ஓடும் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. இதிலென்ன என்று நீங்கள் கேட்கலாம். திண்டுக்கல்லில் விளையாடிய மூன்று வருடங்களும் நான் அந்தக் கடிகாரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்தே வாழ்ந்தவள். அங்கே எட்டு மணிக்குக் கோட்டைச் சண்டை என்றால் எங்கள் வீட்டில் மாலை ஐந்தரை. கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவருவேன். பதினோரு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கழிக்க எதுவுமில்லாமல் அந்த எண்களைப் பார்த்தபோது மகிழ்ச்சி வரவில்லை. கூட விளையாடியவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் நான் பேசியதையெல்லாம், அவர்கள் வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

நானாகத் திரும்பிப் போகவில்லை. நீண்ட நாள் யாரும் நுழையாத கணக்குகளை அழிக்கப்போவதாக விளையாட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் கணவர் செந்தில் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவரோடு தங்கியிருக்க எனக்கு அனுமதி உண்டு, வேலை பார்க்க இல்லை. இரண்டு வருடமாக இந்த நாட்டில் என் பெயரில் எதுவும் கிடையாது. வீட்டு வாடகைத் தாள், மின்சார ரசீது, ஃபோன், எல்லாமே அவர் பெயரில்தான். அதனாலோ என்னவோ, எங்கேயோ எனக்கென்று இருந்த ஒன்றை அழிக்கப்போகிறார்கள் என்றதும் பதறிவிட்டேன். ஆனால் அதுவும் என் பெயர் இல்லை. அங்கே நான் மாறன். ஈட்டி வைத்திருக்கும் ஆறடி வீரன். சுதா என்ற பெயரில் முதலில் நுழைந்தபோது, ஒரே வாரத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேர் படம் அனுப்பச் சொன்னார்கள். அடுத்த வாரமே ஆணாகிவிட்டேன். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் நடத்திய ஒரு கில்டில், அதாவது கூட்டாகச் சண்டைக்குப் போகும் ஒரு குழுவில், சேர்ந்தேன். கடைசியில் அதற்குத் தலைமையும் ஏற்றேன். எல்லோருக்கும் நான் மாறன் அண்ணன்.

கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போனபோது, நான் விட்டுவிட்டு வந்த அதே படகுத்துறையில் மாறன் நின்றுகொண்டிருந்தான். நண்பர் பட்டியலில் நாற்பது பெயர்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. ஒன்றில் மட்டும் பச்சை விளக்கு. மல்லி. பார்த்த மாத்திரத்தில் கணினியையே அணைத்துவிட்டேன்.

மல்லி எங்கள் கில்டின் வைத்தியச்சி. அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது அவள் வேலை. நிஜத்தில் பெயர் தேவகி, பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் வேலை என்று சொல்லியிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஒரு மாப்பிள்ளையை முடிவு செய்திருந்தார். இவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. "என்ன செய்யட்டும் அண்ணே?" என்று கேட்டாள். "முடியாதுன்னு சொல்லு. என்ன ஆனாலும் நான் இருக்கேன்" என்று மாறன் எழுதினான். எவ்வளவு சுலபமாக எழுதினான்! அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு மேலே படிக்க ஆசை இருந்தது, வாயைத் திறக்கவில்லை. தட்டு மாற்றிய அன்றிலிருந்து விளையாட்டுப் பக்கம் போகவே இல்லை. செந்தில் நல்லவர்தான். அது வேறு விஷயம். ஒருத்தியைத் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லிவிட்டுக் கரையேறி ஓடிப்போனவள் நான் என்பது மட்டும் பதினோரு வருடமாக எங்காவது குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மறுபடி நுழைந்தபோது அஞ்சல்பெட்டி நிரம்பியிருந்தது. எல்லாம் மல்லி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். "அண்ணே, சொல்லிட்டேன். அப்பா பேச மாட்றாரு. எங்க இருக்கீங்க?" என்று முதல் கடிதம். பிறகு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, கடைசியில் தீபாவளிக்குத் தீபாவளி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே முந்தைய நாள் தேதியில் ஒரே ஒரு வரி: "அண்ணே, இப்ப வந்தது நீங்கதானா?"

செந்திலிடம் சொன்னேன். "கேம்தானே, அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போகட்டும், விடு" என்றார். விட முடியவில்லை. நான்தான், இப்போது கூலாயில் இருக்கிறேன் என்று எழுதினேன். கூலாயிலிருந்து பத்து பாகாட் என்ன தூரம், சனிக்கிழமை வாருங்கள் என்று உடனே பதில் வந்தது. பஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் உள்ள மாமாக் கடையையும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் டீக்கடைக்கு இங்கே அதுதான் பெயர், அடையாளம் சொல்லியிருந்தாள். நான் ஆணில்லை என்று மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன். யாரோ மாறனின் கணக்கைத் திருடிவிட்டதாக நினைத்தால்? அல்லது, அண்ணன் என்ற சொல்லுக்குப் பின்னால் அவள் வேறு எதையாவது வைத்துக்கொண்டு இத்தனை வருடம் காத்திருந்தால்? இந்த இரண்டாவது கேள்வி என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. நேரில் போய் முகத்தைக் காட்டிவிடுவதுதான் முறை என்று கடைசியில் முடிவு செய்தேன்.

இந்த நாட்டில் நான் தனியாகப் பேருந்தில் ஏறியது அன்றுதான் முதல்முறை. வழியெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. வரிசை மாறாத அந்த மரங்களைப் பார்க்கப் பார்க்க மூச்சு முட்டியது. பேசவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வாக்கியத்தில் தடுக்கியது. கடையில் உட்கார்ந்ததும் கடைக்காரர், ராமநாதபுரத்துக் கடற்கரைப் பேச்சு, "என்ன தண்ணி வேணும்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம். ஒன்றும் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினேன். இங்கே டீ, காப்பி எல்லாமே தண்ணிதான் என்று இரண்டு வருடமாகத் தெரிந்திருந்தும், அந்த நேரத்துக்கு மூளை திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது.

தேவகி வந்தாள். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. கடை முழுக்க ஒரு ஆணைத் தேடினாள். யாரும் இல்லை. நான் எழுந்து நின்றதைப் பார்த்து அருகே வந்து, "நீங்க மாறன் அண்ணனோட சம்சாரமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. எவ்வளவு வசதியான பொய்! சம்சாரமாகி, நலம் விசாரித்து, முறுக்கை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நான் பேசாமல் நிற்கவும் அவள் முகம் மாறியது. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. நான்தான் மாறன்."

அவள் உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பரீட்சை வைப்பதுபோல் மெதுவாக, "நான் மொத மொத எங்க செத்தேன்?" என்று கேட்டாள்.

"உப்புப் பாலத்துக்குக் கீழ. கீழ விழுந்த வளையலத் தேடிப் போன. போகாதன்னு சொன்னேன், நீ கேக்கல."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது. மாறன் செத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாளாம். உயிரோடிருக்கும் அண்ணன் பதில் போடாமல் இருக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. அப்படியும் மனசு கேட்காமல் வருடா வருடம் கோயிலில் மாறன் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறாள். நட்சத்திரம் தெரியாததால் தன் நட்சத்திரத்தையே கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது.

"யாரும் சாகல. கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. அவ்வளவுதான், இல்லையா?"

அவ்வளவுதான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பெண் பார்க்க வந்த நாள் உட்பட. உனக்குச் சொன்ன புத்தியை எனக்குச் சொல்லிக்கொள்ளத் தைரியம் வரவில்லை, அந்த வெட்கத்தில்தான் திரும்பி வரவில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் அப்பா ஒரு வருடம் பேசவே இல்லையாம். பிறகு அவரே ஒருநாள் சோறு போடச் சொல்லிக் கேட்டாராம். முப்பது வயதில் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது இருபது பேருக்குச் சூப்பர்வைசர். அந்த ஒரு வருடம் மட்டும் யாருமில்லாமல் இருந்தது என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா, முடியாதுன்னு சொல்லுன்னு?" என்றாள் திடீரென்று. "என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான் சொல்லியிருப்பேன்லா."

இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கேட்டிருக்கலாம் என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. உயிர் ஏற்றுகிறவள் அவள்தானே. அண்ணன் என்று ஆனபிறகு கேட்கிற வழியே அடைபட்டுப்போயிருந்தது.

மன்னித்துவிட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கில்டில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். முறுக்கு டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளினாள். "அண்ணனுக்குன்னு சுட்டது. நீங்களே சாப்பிடுங்க." ஒன்றை எடுத்துக் கடித்தேன். உப்புக் கொஞ்சம் கூட. சொல்லவில்லை.

பஸ் ஸ்டேஷன்வரை கூட வந்தாள். டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண் மலாயில் ஏதோ கேட்க, தேவகியே எனக்காகப் பதில் சொல்லிச் சீட்டு வாங்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல், "ஊருக்கு எப்பக்கா போறீங்க?" என்று கேட்டாள். அக்கா என்றது அதுதான் முதல் தடவை.

"தை மாசம்" என்றேன். "அம்மாவப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "நான் கூலாயக் கேட்டேன்க்கா. இந்தச் சீட்டுக்கு மூணரைக்கு ஒண்ணு இருக்கு, அஞ்சு மணிக்கு ஒண்ணு இருக்கு. எதுல போறீங்க?"

மூன்றரைப் பேருந்து எங்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் கதவருகில் நின்று என்னைப் பார்த்து, "கூலாய்?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேவகிதான் எனக்காக இல்லை என்று தலையாட்டினாள். அஞ்சு மணிப் பேருந்து என்று ஐந்து விரலைக் காட்டினாள்.