ஊரின் கடைசிப் பட்டினி

நாடு தழுவிய உடல்நல ஆய்வுக் குழுவின் மீது என் புகார்கள்:

1. திங்கள்: புதன் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க வருவதாகவும், முந்தின இரவிலிருந்து அதுவரை உண்ணக் கூடாதென்றும் சொன்னார்கள்.
2. புதன், அதாவது இன்று, காலை ஏழு: பட்டினியோடு காத்திருந்தேன்.
3. இன்று, பதினொன்றரை: ஏப்பத்தோடு வந்தார்கள்.

எங்கள் ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை. தனியே சாப்பிட விடுவதுமில்லை. ஆகவே முந்தைய நான்கு வீடுகளிலும் குழுவினர் சாமைச் சோறு உண்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் தர வேண்டியவர்களும் உடன் அமர்ந்து உண்டார்கள்.

"இன்னா சார் பண்றது, வேணாம்னா கோச்சுக்கிறாங்க. சாப்பிடாதவரு நீங்க ஒருத்தர்தான்" என்ற செவிலியர், என் கையில் பட்டையைச் சுற்றினார். "ஐயோ, பிரஷர் ஏறிக் கெடக்குதே! கோவப்படாதீங்க சார்."

நான் கோபப்படவில்லை என்று மூன்று முறை கத்தினேன். எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அவர் ஊசியை எடுப்பதற்குள் என் மனைவி இலை போட்டுவிட்டார். "சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் குந்துங்க, அவங்க மட்டும் சாப்ட்டா நல்லாவா இருக்கும்?"

உட்கார்ந்தேன்.

நாட்டின் ரத்த அழுத்தக் கணக்கில் என் கோபம் சேரக் கூடாது. அந்த எண்ணை நீக்கிவிட்டதாக வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.

நேரில் வர வேண்டாம். வந்தால் சாப்பாடு போட வேண்டியிருக்கும்.