ஏழாவது வரிசை

பம்பு, மோட்டார், டர்பைன் என்று சுழலும் எந்திரங்கள் ஏன் அதிர்கின்றன என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர்கள் பதினோராயிரம் பேர் கூடும் இணைய மன்றம் அது. அதை நடத்துபவரை எல்லோரும் அட்மின் அக்கா என்பார்கள். முனைவர், பேராசிரியர் என்று எந்தப் பட்டமும் அக்காவுக்குக் கிடையாது. ஒரு சோதனைக்கூடத்தில் பம்புகளின் மேல் சென்சார் ஒட்டி ரீடிங் எடுக்கும் டெக்னீஷியன், படித்தது டிப்ளமோ. மதிய இடைவேளையில் ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் மவுஸ். புதியவர்களைச் சேர்ப்பார், சண்டையை விலக்குவார், வீட்டுப்பாடத்துக்கு விடை கேட்டு வரும் சோம்பேறிகளை வாசலோடு திருப்பி அனுப்புவார். “உன் புகுந்த வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று சாயங்காலம் கேட்பார் அவருடைய கணவர். அவர் தையல்காரர், நக்கலும் கொஞ்சம் ஊசி மாதிரிதான்.

அக்கா நல்ல மனுஷி. ஆனால் ஒரே ஒருவர் மேல் ஒன்பது வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் ஒரு பேராசிரியர்.

மன்றத்தில் முப்பது பேர்கூடத் தேறாத காலம் அது. பேராசிரியர் ஒரு கேள்வி போட்டார்: இரண்டு நாள் நிறுத்திவைத்த பம்பை மறுபடி ஓட்டினால் முதல் பத்து நிமிஷம் மட்டும் பேரிங் கத்துகிறதே, ஏன்? அக்கா விடுமுறை நாளிலும் சோதனைக்கூடத்துக்குப் போய், பதினான்கு பம்புகளை நிறுத்தி, ஓட்டி, அளந்து, காரணத்தையும் கண்டுபிடித்து, பதினான்கு வரிசை அட்டவணையாகப் போட்டார். ஏழாவது வரிசையில் 6.4 என்று வரவேண்டியதைக் கை தவறி 4.6 என்று தட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து அது கண்ணில் பட, குறுக்கே கோடு போட்டு, கீழே திருத்தம் எழுதினார். அதற்குள் பேராசிரியர் அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்.

சில மாதங்களில் அது கட்டுரையாக வந்தது. ‘எங்கள் ஆய்வகத்தில் அளந்தவை’ என்ற தலைப்பின் கீழ் அக்காவின் பதினான்கு வரிசைகள், அந்த 4.6 உள்பட. நன்றி சொன்ன இடத்தில் மின்சாரம் பார்த்தவர் பெயர்கூட இருந்தது, அக்காவின் பெயர் இல்லை. அக்கா போன் போட்டுக் கேட்டார்.

“ரீடிங் எடுத்துக் குடுத்தவங்களுக்கெல்லாம் பேர் போட்டா, பம்பைத் துடைச்சவர் பேரையும் போடணும்மா” என்றார் பேராசிரியர், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைத்தான் அக்கா மறக்கவே இல்லை. முப்பது பேர் முன்னால் கத்தி என்ன பிரயோஜனம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மன்றத்தை அவர் இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததில் பாதி தொழில்மேல் ஆசை, மீதிப் பாதி வஞ்சம். இதைக் கணவரிடம் வெட்கமில்லாமல் சொல்லியுமிருக்கிறார்.

இன்னொன்றும் நடந்திருந்தது. அதே வருஷம் யாரோ ஒருவர் தன் அசட்டுப் பதிவை நீக்கச் சொல்லிக் கெஞ்சியபோது, ஆராய்ச்சியில் அழிக்கிற வேலையே கூடாது என்று பேராசிரியர் ஒரு பக்கத்துக்கு உபதேசம் எழுதினார். அக்கா அதையே மன்றத்தின் முதல் விதியாக்கினார், அவர் பெயரோடு.

போன வாரம், முன்பின் தெரியாத ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். பேராசிரியரின் அட்டவணையை வைத்து ஆறு மாதமாகச் சோதனை செய்கிறாளாம். பதிமூன்று வரிசை பொருந்துகிறது, ஏழாவது மட்டும் தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்கிறது. உன் கைதான் சரியில்லை என்கிறாராம் அவளுடைய வழிகாட்டி.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

அரை மணிக்குள் பேராசிரியரே கூப்பிட்டார். அடுத்த வாரம் பொறியாளர் சங்கத்தின் தலைவர் தேர்தல், அவர் நிற்கிறார். குரல் குழைந்தது. மன்றத்தில் அட்டவணையும் திருத்தமும் கிடக்கும் அந்தப் பழைய திரியைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்றார். தன் புதிய புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். “முதல் பக்கத்துலயே உங்க பேர் வரும்மா.”

ஒன்பது வருஷமாக அக்கா கேட்டது அதைத்தான். சரி என்று சொல்லவே வாயெடுத்தார். பிறகு அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

“பம்பைத் துடைச்சவர் பேரும் வருமா சார்?”

அதைக் காதில் வாங்காமல் திரியை எடுப்பதைப் பற்றியே மறுபடி பேசினார் அவர்.

“அழிக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதான் சார். நான் எப்படி மீறுவேன்?” என்று போனை வைத்தார்.

பதில் எழுத உட்கார்ந்தார். முதலில் திருடன் என்று தொடங்கி, தனக்குத் தெரிந்த வசவையெல்லாம் ஆசை தீரத் தட்டினார். படித்துப் பார்த்து, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டு, அனுப்பாமல் அழித்தார். அனுப்பாததற்கு விதி பொருந்தாது. பிறகு பணிவாக எழுதினார்:

‘தங்கைக்கு, உங்கள் கையில் குற்றமில்லை. ஏழாவது வரிசைத் தவறு என்னுடையது. 6.4 என்று அளந்ததை 4.6 என்று தட்டிவிட்டேன். இரண்டாம் நாளே திருத்திவிட்டேன். பழைய திரி இதோ, தேதியோடு இருக்கிறது. உங்கள் ஆறு மாதம் வீணானதற்கு மன்னியுங்கள்.’

பேராசிரியரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கால் மணி நேரத்தில் இருநூறு பேர் பழைய திரியைத் திறந்திருந்தார்கள். மாணவியின் பதில் வந்தது:

‘தவறு உங்களுடையது, சரி அக்கா. அது அவர் ஆய்வகத்தில் அளந்த அட்டவணைக்குள் எப்படிப் போனது?’

மன்றத்தில் ஒரு வசதி உண்டு. கேள்வியை அதற்குப் பதில் சொல்லவேண்டிய உறுப்பினர் பெயருக்கு அட்மின் மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு நினைவூட்டல் போகும், எல்லோர் பார்வைக்கும் மன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஏறும். அக்கா மாணவியின் கேள்வியைப் பேராசிரியர் பெயருக்கு மாற்றினார். அதை நிறுத்த வேண்டுமென்றால் அவர் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் அட்மினிடம் கெஞ்ச வேண்டும்.

அட்மின் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார்.